நாட்டின் மீது கடன் வழக்கு: பணம் யாருக்கு, பாடு யாருக்கு?

2022 ஜூலை 11ஆம் தேதி லக்சம்பர்க்கில் நீதிமன்ற அமீனாக்கள் மலேசிய அரசின் எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸின் இரண்டு துணை நிறுவனங்களை முடக்கும் ஆணையோடு வந்து நின்றார்கள். ஒரு நாட்டின் மீது வழக்குப் போட்டு, அதன் சொத்தை வெளிநாட்டில் வைத்தே பிடிக்க முடியும் என்பது மலேசியர்கள் பலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பிலிப்பைன்ஸின் தெற்கில் ஒரு காலத்தில் ஆண்ட சூலு சுல்தானின் வாரிசுகள் என்று உரிமை கோருவோருக்கு மலேசியா 14.92 பில்லியன் அமெரிக்க டாலர் கொடுக்க வேண்டும் என்று, அதே ஆண்டு பிப்ரவரியில் கொன்சாலோ ஸ்டாம்பா என்ற ஸ்பானிய நடுவர் பாரிஸில் தீர்ப்பு எழுதியிருந்தார். வட போர்னியோ (இன்றைய சபா) தொடர்பாக சூலு சுல்தானோடு 1878இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி அவர்களுக்கு ஆண்டுக்கு 5,300 வெள்ளி (ரிங்கிட்) கொடுக்கப்பட்டு வந்தது. 2013இல் சூலு சுல்தான் பெயரைச் சொல்லி ஆயுதக் குழு ஒன்று சபாவின் லஹாட் டத்துவில் ஊடுருவிய பிறகு அது நின்றது. அந்த 5,300 வெள்ளிதான் பில்லியன் கணக்கில் வளர்ந்து நின்றது. வழக்கை நடத்தப் பணம் போட்டது லண்டனைச் சேர்ந்த தெரியம் என்ற வழக்கு முதலீட்டு நிறுவனம். வென்றால் அவர்களுக்கும் பங்கு.

மலேசியா அதை எதிர்த்து நின்றது. மாட்ரிட், பாரிஸ், தி ஹேக், லக்சம்பர்க் என்று நான்கு நகரங்களில் வழக்கறிஞர்களை வைத்து வாதாடியது. 2023 ஜூனில் பாரிஸிலும் தி ஹேக்கிலும் தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்தது. 2024 ஜனவரியில் ஸ்டாம்பாவே நீதிமன்ற ஆணையை மீறிய குற்றத்துக்காக மாட்ரிட்டில் தண்டிக்கப்பட்டார். அந்த ஆண்டு நவம்பரில் பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு மன்றமும் நம் பக்கம் நின்றது. வழக்கறிஞர்களுக்குக் கொடுக்கப் பணம் இருந்ததால் முடிந்த காரியம் இது.

சூலு வழக்கு கடன் வழக்கு இல்லைதான். ஆனால் அதில் நம் மீது பாய்ந்த அதே ஆயுதம் ஏழை நாடுகள் மீது முப்பது ஆண்டுகளாகப் பாய்ந்துகொண்டிருக்கிறது. அங்கே தற்காத்துக்கொள்ளப் பணம் இருப்பதில்லை. தோற்றால் எடுத்துக் கொடுக்க வேண்டிய பணமோ மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் போக வேண்டிய பணம். பெட்ரோனாஸ் செய்தி வருவதற்குச் சில வாரங்கள் முன்பு, 2022 ஜூன் மாதத்தில், நியூயார்க்கின் மன்ஹாட்டன் கூட்டரசு நீதிமன்றத்தில் இலங்கை அரசுக்கு எதிராக ஒரு வழக்கு பதிவானது. வாதி, கரீபியன் தீவான நெவிசில் இயங்கும் ஹாமில்டன் ரிசர்வ் வங்கி. கேட்டது, கைவசமுள்ள 250 மில்லியன் டாலருக்கு மேற்பட்ட கடன் பத்திரங்களின் முழுத்தொகையும் வட்டியும். கொழும்பில் மக்கள் எரிவாயு உருளைக்கும் பெட்ரோலுக்கும் இரவு பகலாக வரிசையில் நின்ற மாதம் அது.

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் தமிழர்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு யாழ்ப்பாணத்திலோ மலையகத்திலோ உறவு உண்டு. அந்த நெருக்கடி நமக்குத் தூரத்துச் செய்தியாக இருக்கவில்லை. அதனால்தான் இந்த வழக்குகள் எப்படி நடக்கின்றன, யார் வாதி, இறுதியில் யார் பணம் கட்டுகிறார்கள் என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

கடன் எப்படிக் கைமாறுகிறது

ஒரு நாடு வெளிநாட்டில் கடன் வாங்கும்போது பெரும்பாலும் பத்திரம் வெளியிடுகிறது. அந்தப் பத்திரத்துக்கு உரிய சட்டம் அந்த நாட்டுச் சட்டமாக இருப்பதில்லை. வளரும் நாடுகளின் வெளிநாட்டுப் பத்திரங்களில் மிகப் பெரும்பாலானவை நியூயார்க் சட்டத்துக்கோ இங்கிலாந்துச் சட்டத்துக்கோ கட்டுப்பட்டவை. உள்ளே ஒரு விதி இருக்கும்: வழக்கு வந்தால், இறைமையுள்ள அரசை வேறு நாட்டு நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்ற விலக்கைக் கோர மாட்டோம் என்று நாடு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடும். கையெழுத்திடும் நாளில் யாரும் அந்த வரியைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நாடு தடுமாறும் நாளில்தான் அதன் கனம் தெரியும்.

தடுமாறுகிறது என்ற செய்தி வந்தவுடன் பத்திரத்தின் சந்தை விலை சரியும். 100 டாலர் பத்திரம் 40க்கும் 30க்கும், சில நேரம் 10க்கும் போகும். பயந்த முதலீட்டாளர்கள் கைகழுவுவார்கள். அப்போது வந்து வாங்குவதையே தொழிலாக வைத்திருக்கும் சில நிறுவனங்கள் உண்டு. கழுகு நிதியங்கள் என்று உலகம் அவற்றைச் சொல்கிறது. லெபோ பினாங்கில் செட்டியாரிடம் ஆயிரம் வெள்ளிக்கு எழுதிக் கொடுத்த புரோநோட்டை, வாங்கியவர் நொடித்துப் போன பிறகு வேறொருவர் நூறு வெள்ளிக்கு வாங்கி, முழு ஆயிரத்துக்கும் அதற்கு மேல் வட்டிக்கும் கோர்ட்டுக்குப் போனால் எப்படி இருக்கும், அப்படித்தான் இவர்கள் தொழிலும். மற்றக் கடன் கொடுத்தவர்கள் எல்லாம் உட்கார்ந்து பேசித் தள்ளுபடிக்கு ஒப்புக்கொள்ளும்போது இவர்கள் மட்டும் ஒதுங்கி நிற்பார்கள். மற்றவர்கள் விட்டுக் கொடுத்ததால் நாட்டின் கையில் கொஞ்சம் பணம் மிஞ்சும். அந்த மிச்சத்தைக் குறிவைத்து வழக்குப் போடுவார்கள்.

வழக்குப் போடும் நோக்கத்துக்காகவே பிறர் கடனை விலைக்கு வாங்குவதை ஆங்கிலேய மரபுச் சட்டம் வெகு காலமாக வெறுத்து வந்தது. நியூயார்க் மாநிலச் சட்டத்திலும் அதற்குத் தடை இருந்தது. தென் அமெரிக்க நாடான பெருவுக்கு எதிராக எலியட் அசோசியேட்ஸ் என்ற அமெரிக்கக் கழுகு நிதியம் தொடுத்த வழக்கை 1998இல் நீதிபதி அந்தத் தடையை வைத்தே தள்ளுபடி செய்தார். மறு ஆண்டே மேல்முறையீட்டில் அது மாறியது. 2004இல் நியூயார்க் சட்டமன்றம் 5 லட்சம் டாலருக்கு மேற்பட்ட கொள்முதல்களுக்கு அந்தத் தடையே பொருந்தாது என்று திருத்தம் போட்டது. சில்லறை ஆள் செய்தால் குற்றம், பெரிய நிறுவனம் செய்தால் வியாபாரம் என்றாகிவிட்டது.

காத்திருந்தாலும் அவர்களுக்கு நட்டமில்லை. ஒப்பந்தப் பணம் வராத வணிக வழக்குகளில் தீர்ப்பு வரும் வரை ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டி என்பது நியூயார்க் சட்டம். உலகில் வங்கி வட்டி ஒரு விழுக்காடுகூட இல்லாத ஆண்டுகளிலும் இந்த 9 விழுக்காடு ஓடிக்கொண்டே இருந்தது. வழக்கு இழுக்க இழுக்க வாதியின் தொகை பெருகும்.

ஸாம்பியாவின் டிராக்டர்கள்

ஸாம்பியா வழக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் மனித உரிமைக் கேள்வி அதில் எந்த மறைப்பும் இல்லாமல் தெரிகிறது. 1979இல் ஸாம்பியா ருமேனியாவிடமிருந்து டிராக்டர் முதலிய விவசாய இயந்திரங்களைக் கடனுக்கு வாங்கியது. சுமார் 15 மில்லியன் டாலர். செம்பு விலை வீழ்ந்து ஸாம்பியா கடனைக் கட்ட முடியாமல் போனது. வட்டியோடு 30 மில்லியன் அளவுக்குக் கடன் வளர்ந்த நிலையில், குறைந்த தொகையில் முடித்துக்கொள்ள இரண்டு அரசுகளும் பேசிக்கொண்டிருந்தன. 1999இல் பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் பதிவான டோனிகல் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் நடுவில் புகுந்து, ருமேனியாவிடமிருந்து அந்தக் கடனைச் சுமார் 3.3 மில்லியன் டாலருக்கு வாங்கிக்கொண்டது. பிறகு லண்டன் உயர் நீதிமன்றத்தில் 55 மில்லியன் டாலர் கேட்டது.

இடையில் 2005இல் ஸாம்பியா கடும் கடன் சுமையுள்ள ஏழை நாடுகளுக்கான திட்டத்தில் இறுதிக் கட்டத்தை எட்டி, பெரும் கடன் தள்ளுபடி பெற்றது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் கிராமப்புறச் சுகாதார நிலையங்களில் நோயாளிகளிடம் வாங்கிவந்த கட்டணத்தை ரத்து செய்தது. காசில்லாமல் திரும்பிப் போனவர்கள் மருந்து வாங்க வரத் தொடங்கினார்கள். இந்த மாற்றத்துக்கு இடம் கொடுத்தது உலக நாடுகள் விட்டுக் கொடுத்த கடன்.

2007இல் தீர்ப்பு வந்தது. வாதி தரப்புச் சாட்சியங்களை நீதிபதி கடுமையாகவே விமர்சித்தார். ஆனாலும் 2003இல் ஸாம்பிய அரசு தரப்பு கையெழுத்திட்டிருந்த ஒரு சமரச ஒப்பந்தம் செல்லும் என்றார். டோனிகலுக்குச் சுமார் 15.5 மில்லியன் டாலர் கிடைத்தது, போட்ட பணத்தைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு. பிரிட்டன், ஜப்பான், அமெரிக்கா என்று பல நாட்டு வரி செலுத்துவோர் ஸாம்பிய நோயாளிகளுக்காக விட்டுக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி வர்ஜின் தீவுக்குப் போனது.

இந்த வழக்கில் என்னை உலுக்குவது தொகை மட்டுமில்லை. சட்டப்படி நீதிபதி முன் இருந்த கேள்வி ஒன்றே ஒன்று: ஒப்பந்தம் செல்லுமா? அந்தப் பணம் போனால் எந்த ஊரில் செவிலியர் இருக்க மாட்டார் என்ற கேள்விக்கு அந்த அறையில் இடமே கிடையாது. கடன் கொடுத்தவர் கட்சிக்காரர். கடனைத் தன் உடம்பால் கட்டப்போகிறவருக்கு வழக்கில் பெயரே இல்லை.

பெரு கதை வேறு மாதிரி. எலியட் 1996இல் சுமார் 11.4 மில்லியன் டாலருக்கு வாங்கிய கடனுக்கு 2000ஆம் ஆண்டில் 58 மில்லியன் பெற்றது. பெருவின் சொத்து எதையும் பிடிக்கவில்லை. மற்றக் கடன் கொடுத்தவர்களுக்குப் பெரு அனுப்பிய வட்டிப் பணம் பிரஸ்ஸல்ஸ் வழியாகப் போகும் பாதையை நீதிமன்ற ஆணையால் அடைத்தார்கள். அந்தத் தவணை தவறினால் ஒப்புக்கொண்ட ஏற்பாடு முழுவதும் குலையும் என்ற நிலையில் பெரு பணிந்தது.

அதே உத்தி பெரிய அளவில் அர்ஜென்டினா மீது விழுந்தது. 2001இல் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த அர்ஜென்டினா, 2005இலும் 2010இலும் பேச்சு நடத்தி, ஏறக்குறைய 93 விழுக்காட்டுப் பத்திரதாரர்களைப் பெரும் தள்ளுபடிக்கு ஒப்புக்கொள்ள வைத்தது. எலியட்டின் துணை நிறுவனமான என்.எம்.எல். கேப்பிட்டல் ஒப்பவில்லை. ஒப்புக்கொண்டவர்களுக்கு ஒரு காசு கொடுத்தாலும் ஒப்பாதவர்களுக்கு முழுத்தொகையையும் கூடவே கொடுக்க வேண்டும் என்று நியூயார்க் நீதிபதி தாமஸ் கிரீசா 2012இல் ஆணையிட்டார். 2012 அக்டோபரில் அர்ஜென்டினாவின் கடற்படைப் பயிற்சிக் கப்பல் லிபெர்டாட் கானாவின் தேமா துறைமுகத்தில் பிடித்து வைக்கப்பட்டது. அனைத்துலகக் கடல் சட்டத் தீர்ப்பாயம் டிசம்பரில் தலையிட்டுத்தான் அது விடுபட்டது. 2014 ஜூலையில், கையில் பணம் இருந்தும் கொடுக்க வழியின்றி, அர்ஜென்டினா மீண்டும் தவணை தவறியது. 2016இல் புதிய அரசு சமரசம் செய்தபோது என்.எம்.எல். பெற்றது அசலைப் போல் மூன்று மடங்குக்கும் மேல்.

இவை அங்கொன்று இங்கொன்று நடந்தவை என்று ஒதுக்க முடியாது. 1980களில் கடன் நெருக்கடிகளில் நூற்றுக்கு ஐந்து அளவில்தான் வழக்கு வந்தது. 2000களுக்குப் பிறகு ஏறக்குறைய பாதி நெருக்கடிகள் நீதிமன்றத்தைத் தொட்டன என்று இத்துறை ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். வழக்கு வராத இடத்திலும் அதன் நிழல் இருக்கும். பிடிவாதக்காரன் முழுத்தொகை பெறுவதைப் பார்க்கும் மற்றவர்கள், நாம் மட்டும் ஏன் தள்ளுபடி கொடுக்க வேண்டும் என்று தயங்குவார்கள். பேச்சு இழுபடும். இழுபடும் ஒவ்வொரு மாதமும் நாட்டுக்குள் மருந்தும் எரிபொருளும் இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணி இருக்காது.

இலங்கையில் யார் கட்டினார்கள்

இலங்கை 2022 ஏப்ரல் 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்துவதாக அறிவித்தது. அதற்கு முன்பே, மார்ச் இறுதியில், மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை போதனா மருத்துவமனை திட்டமிட்ட அறுவைச் சிகிச்சைகளை நிறுத்தியிருந்தது. அந்த ஆண்டின் நடுவில் ஜோர்ஜ் டவுன் லெபோ பாசாரில் பணம் அனுப்பும் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இளைஞர் ஹட்டன் பக்கத்துக்காரர், இங்கே உணவகத்தில் வேலை. கைப்பேசியில் அவர் காட்டியது ஓர் அரசு மருத்துவமனை மருந்துச் சீட்டின் படம். "அம்மாவுக்கு இன்சுலின் அக்கா. ஆஸ்பத்திரியில சீட்டு மட்டும் எழுதித் தாராங்க, மருந்த வெளியில வாங்கிக்கச் சொல்றாங்க. போன மாசம் அனுப்பின காசு இந்த மாசம் பத்தாது" என்றார். முகப்பில் இருந்தவர் அன்றைய விலையைச் சொல்ல, இருந்த வெள்ளியை இரண்டு தடவை எண்ணிவிட்டு, தன் சாப்பாட்டுக்கு என்று பிரித்து வைத்திருந்த தாள்களையும் சேர்த்துக் கொடுத்தார். இலவச மருத்துவம் என்ற பெயர் பெற்ற நாட்டில், அந்தச் செலவு பினாங்கில் பாத்திரம் கழுவும் கைக்கு மாறியிருந்தது.

புள்ளிவிவரம் இதையே பெரிதாகச் சொல்கிறது. 2022 செப்டம்பரில் விலைவாசி ஏற்றம் 70 விழுக்காட்டைத் தொட்டது. 2021க்கும் 2022க்கும் இடையில் வறுமை இரட்டிப்பாகி 25 விழுக்காட்டை எட்டியது என்றும், தோட்டப்புறங்களில் பாதிப் பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே போனார்கள் என்றும் உலக வங்கி மதிப்பிட்டது. அனைத்துலகப் பண நிதியத்தின் சுமார் 3 பில்லியன் டாலர் திட்டத்துக்கு 2023 மார்ச்சில் ஒப்புதல் கிடைத்தது. அதன் இலக்குகளை எட்டுவதற்காக மதிப்புக் கூட்டு வரி படிப்படியாக ஏறி, 2024 ஜனவரியில் 18 விழுக்காடானது. 2022 தொடக்கத்தில் அது 8 விழுக்காடாக இருந்தது. சோற்றுக்கும் சோப்புக்கும் செலவழிப்பவரின் வருமானத்தில்தான் இந்த வரி அதிகம் கடிக்கும்.

அதிகம் பேசப்படாத பகுதி உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு. 2023இல் அரசு தன் உள்நாட்டுப் பத்திரங்களை நீண்ட கால, குறைந்த வட்டிப் பத்திரங்களாக மாற்ற முனைந்தபோது, வங்கிகள் ஏற்கெனவே நொந்திருக்கின்றன என்ற காரணத்தால் அவற்றுக்கு விலக்குக் கிடைத்தது. சுமை ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வூதிய நிதிகளின் தலையில் இறங்கியது. மாற்றத்துக்கு ஒப்பாவிட்டால் அந்த நிதிகளின் வருமானத்தின் மேல் வரி 14இலிருந்து 30 விழுக்காடாகும் என்று சட்டம் வந்தது. கொழுந்து பறிக்கும் பெண்ணின் கூலியில் 8 விழுக்காடும் முதலாளி பங்காக 12 விழுக்காடும் மாதாமாதம் சேர்ந்த பணம் அது. விலைவாசி 70 விழுக்காடு ஏறிய ஆண்டில் அதற்குக் கிடைத்த வட்டி 9 விழுக்காடு. அவளிடம் யாரும் வாக்கெடுப்பு நடத்தவில்லை.

வெளிநாட்டுப் பத்திரதாரர்களோடு 2024இல் முடிந்த உடன்பாட்டில் அசலில் 27 விழுக்காடு தள்ளுபடி. ஆனால் இலங்கையின் பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிட நன்றாக வளர்ந்தால் தள்ளுபடி சுருங்கும், அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கும். சேமலாப நிதி உறுப்பினருக்கு அப்படி ஓர் ஏற்பாடு எழுதப்படவில்லை. டிசம்பரில் பெரும்பான்மைப் பத்திரதாரர்கள், ஏறக்குறைய 98 விழுக்காடு, மாற்றத்துக்கு ஒப்பினார்கள்.

ஹாமில்டன் வங்கியின் பலம் எங்கே இருந்தது என்றால், 2012இல் வெளியிட்ட பழைய வகைப் பத்திரத்தில். 2014க்குப் பிறகு வந்த புதிய மாதிரி விதிகளின்படி மறுசீரமைப்புக்கு ஒப்புதல் கேட்கும்போது எல்லாத் தொடர்களின் (ஒவ்வொரு முறை வெளியிட்ட பத்திரங்களும் ஒரு தொடர்) வாக்குகளையும் மொத்தமாகக் கூட்டிப் பெரும்பான்மை பார்க்கலாம். பழையதில் ஒவ்வொரு தொடரிலும் முக்கால் பங்கு தேவை. 1 பில்லியன் டாலர் தொடரில் கால் பங்குக்கு மேல் ஒருவர் வாங்கிவிட்டால் கதவைப் பூட்டிய மாதிரிதான். அந்த வங்கி செய்தது அதைத்தான். மறுசீரமைப்புப் பேச்சு முடியும் வரை வழக்கை நிறுத்தி வைக்கும்படி இலங்கை கேட்டபோது அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சு அரசுகள் அந்தக் கோரிக்கையை ஆதரித்தன. நீதிபதி டெனிஸ் கோட் நிறுத்தி வைத்தார். அது ஒரு நீதிபதியின் தனிப்பட்ட விவேகத்தால் கிடைத்த மூச்சு. இலங்கை அதை உரிமையாகக் கேட்டுப் பெறச் சட்டத்தில் வழி இல்லை.

திவால் சட்டம் இல்லாத ஒரே கடனாளி

மலேசியாவில் ஒருவரைத் திவாலானவராக அறிவிக்க வேண்டுமானால் கடன் குறைந்தது 1 லட்சம் வெள்ளி இருக்க வேண்டும். அறிவித்த பிறகும் அவர் சம்பளத்தில் குடும்பம் நடத்த ஒரு பகுதி விடப்படும். விதிகளுக்கு உடன்பட்டு நடந்தால் மூன்று ஆண்டில் தானாக விடுதலை பெற 2017 திருத்தம் வழி செய்தது. கடன் கொடுத்தவர்கள் எல்லாரும் ஒரே மேசைக்கு வர வேண்டும், யாரும் தனியாகப் பிடுங்கக் கூடாது என்பதே அந்தச் சட்டத்தின் உயிர். நிறுவனம் நொடித்தாலும் இதே போலக் கலைப்பதற்கும் மீட்பதற்கும் முறை உண்டு. நாட்டுக்கு மட்டும் அப்படி எதுவும் கிடையாது. உலகத்தில் எந்த நீதிமன்றமும் ஒரு நாட்டை நோக்கி, முதலில் உன் மக்களின் மருந்துக்கும் பள்ளிக்கும் எடுத்து வை, மீதியைப் பங்கிடுகிறேன் என்று சொல்வதில்லை.

மனித உரிமைச் சட்டம் சொல்கிறது. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான அனைத்துலக உடன்படிக்கையின் 2ஆம் விதி, கையிலுள்ள வளங்களை இயன்ற உச்ச அளவுக்கு உரிமைகளுக்காகப் பயன்படுத்தும் கடமையை அரசுகள் மீது வைக்கிறது. இலங்கை 1980லேயே அதில் சேர்ந்தது. அதன்படி பார்த்தால் இன்சுலினுக்கான டாலர் முதலில், பத்திரத்துக்கான டாலர் பிறகு. நியூயார்க் நீதிமன்றத்தில் அந்த உடன்படிக்கையைக் காட்டினால் எடுபடாது. இரண்டு சட்ட உலகங்கள் ஒன்றை ஒன்று பார்க்காமல் ஓடுகின்றன. பணம் பிடுங்கும் அதிகாரம் ஒன்றிடம் மட்டும் இருக்கிறது.

இந்த இடைவெளியை மூட ஐ.நா.வில் முயற்சிகள் நடந்தன. ஸாம்பியச் சட்ட அறிஞர் செஃபாஸ் லுமினா ஐ.நா.வின் சுயேச்சை நிபுணராக இருந்து எழுதிய வெளிநாட்டுக் கடன், மனித உரிமை வழிகாட்டு நெறிகளை 2012இல் மனித உரிமை மன்றம் ஏற்றது. 2014இல் அதே மன்றம் கழுகு நிதியங்களைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. 2015 செப்டம்பரில் ஐ.நா. பொதுப்பேரவை, அரசுக் கடன் மறுசீரமைப்புக்கான ஒன்பது அடிப்படைக் கோட்பாடுகளை ஏற்றது. ஆதரவு 136, எதிர்ப்பு 6, நடுநிலை 41. எதிர்த்த ஆறில் அமெரிக்காவும் பிரிட்டனும் உண்டு, அதாவது எந்த இரண்டு நாட்டுச் சட்டத்தில் உலகின் பெரும்பாலான பத்திரங்கள் எழுதப்படுகின்றனவோ அந்த இரண்டும்.

இந்தப் போராட்டத்தில் பினாங்குக்கு ஒரு பங்கு உண்டு, நம்மில் பலர் அதை அறிவதில்லை. மெக்கலிஸ்டர் ரோட்டில் இருக்கும் மூன்றாம் உலக வலைப்பின்னல் 1984இல் தொடங்கிய நாளிலிருந்து கடன், வணிகம், வளரும் நாடுகளின் உரிமை பற்றி எழுதி வருகிறது. அதை நடத்திய மார்ட்டின் கோர் பிறகு ஜெனீவாவில் தென்னுலக மையத்தின் நிர்வாக இயக்குநராக இருந்தபோதும் இதே வாதத்தை வைத்தார். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை வழிநடத்திய எஸ். எம். முகமது இத்ரிஸ் நம்மவர். 2019இல் மறையும் வரை அவர் மூன்றாம் உலகக் கடனைப் பயனீட்டாளர் பிரச்சினையாகவே பார்த்தார். மீன் விலையையும் அரிசி விலையையும் பேசிய அதே சங்கம் கடனையும் பேசியது என்பது இந்த ஊரின் பெருமை.

மறுபக்க வாதம்

கடன் கொடுத்தவர் எல்லாரும் கழுகு என்று சொன்னால் அது பொய்யாகும். பத்திரம் வைத்திருப்பவர்களில் ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதிகளும் உண்டு. தீர்ப்பை நிறைவேற்ற முடியாது என்றால் நாளைக்கு ஏழை நாட்டுக்கு யாரும் கடன் கொடுக்க மாட்டார்கள், கொடுத்தாலும் வட்டி ஏறும் என்பது அவர்களின் வலுவான வாதம். கடன் வாங்கிய அரசுகளின் ஊதாரித்தனமும் உண்மை. 2023 நவம்பரில் இலங்கை உச்ச நீதிமன்றமே, ராஜபக்ச சகோதரர்களும் மற்ற உயர் அதிகாரிகளும் மக்களின் நம்பிக்கைக்குத் துரோகம் செய்து நெருக்கடிக்குப் பொறுப்பானார்கள் என்று தீர்ப்பளித்தது. ஆட்சியாளரைக் கூண்டில் ஏற்றிய அந்தத் தீர்ப்பை நான் வரவேற்கிறேன்.

ஆனால் இலங்கை 2019இல் வெளியிட்ட பத்திரங்களில் சில ஆண்டுக்கு 7.5 விழுக்காட்டுக்கு மேல் வட்டி கொடுத்தன. அந்தக் கூடுதல் வட்டி, திரும்பி வராமல் போகலாம் என்ற ஆபத்துக்கான விலை. விலையை வாங்கிக்கொண்டு, ஆபத்து நேர்ந்ததும் முழுத்தொகையும் வேண்டும் என்பது இரட்டை வசூல். அதிலும் கழுகு நிதியம் நாட்டுக்குக் கடனே கொடுத்ததில்லை. அது கொடுத்த பணம் ஒரு காசுகூட எந்தப் பள்ளிக்கூடத்தையும் கட்டவில்லை.

நமக்கும் இதில் பாடம் இருக்கிறது. ஊழலில் சிக்கிய மலேசிய அரசு முதலீட்டு நிறுவனமான 1எம்டிபிக்காக 2012, 2013இல் கோல்ட்மன் சாக்ஸ் என்ற அமெரிக்க வங்கி 6.5 பில்லியன் டாலர் பத்திரங்களை ஏற்பாடு செய்து, சுமார் 600 மில்லியன் டாலர் கட்டணம் பெற்றது. திருடியவர்கள் ஒரு பக்கம் இருக்க, பத்திரதாரர்களுக்குத் தவணை தவறாமல் போனது. 3 பில்லியன் டாலர் பத்திரம் 2023 மார்ச்சில் முதிர்ந்தபோதும் அரசாங்கம் கட்டி முடித்தது. 2018இல் நாட்டுக் கடனுக்காக ஹராப்பான் நிதி தொடங்கியபோது பள்ளிப் பிள்ளைகள் உண்டியலை உடைத்துக் கொடுத்தார்கள். மொத்தம் சேர்ந்தது 200 மில்லியன் வெள்ளிக்குச் சற்று மேல். அந்தப் பிள்ளைகள் கடன் வாங்கவில்லை, செலவழிக்கவில்லை, கையெழுத்தும் போடவில்லை.

மலேசிய அரசாங்கக் கடனில் மிகப் பெரும் பகுதி வெள்ளியில், நம் சட்டத்தின் கீழ் இருக்கிறது. அதனால் இலங்கையைப் போல நியூயார்க்கில் மாட்டிக்கொள்ளும் அபாயம் குறைவு. அந்தப் பத்திரங்களை அதிகம் வைத்திருப்பது நம் ஊழியர் சேமநிதி வாரியம். நமக்கு ஒரு நாள் முட்டினால் அடி எங்கே விழும் என்று இலங்கையின் சேமலாப நிதி காட்டிவிட்டது. கடன் வட்டி ஏற்கெனவே கூட்டரசு வருவாயில் 15 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது.

செய்யக்கூடியது

ஸாம்பியா வழக்கால் வெட்கப்பட்ட பிரிட்டன் 2010இல் ஒரு சட்டம் இயற்றி மறு ஆண்டு நிரந்தரமாக்கியது. கடும் கடன் சுமையுள்ள ஏழை நாடுகளின் பழைய கடனுக்கு, மற்றவர்கள் ஒப்புக்கொண்ட அளவுக்கு மேல் யாரும் பிரிட்டிஷ் நீதிமன்றத்தில் வசூலிக்க முடியாது. நல்ல சட்டம், ஆனால் சிறிய குடை. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை, புதிய கடன்களும் உள்ளே வராது. பெல்ஜியம் 2015இல் இன்னும் துணிந்தது. அடிமாட்டு விலைக்கு வாங்கி அநியாய இலாபம் தேடுகிறார் என்று நீதிபதி கண்டால், வாங்கிய விலைக்கு மேல் கிடைக்காது. என்.எம்.எல். அதை எதிர்த்துப் போனது. 2018இல் பெல்ஜிய அரசியலமைப்பு நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. உலகம் இடிந்து விழவில்லை, பிரஸ்ஸல்ஸில் பத்திர வியாபாரமும் நிற்கவில்லை. நியூயார்க்கில் இதே போன்ற மசோதாக்கள் 2023லும் 2024லும் வந்து நிறைவேறாமல் போயின. எல்லாப் பெரிய வழக்குகளும் போகும் கதவு அங்கே இருப்பதால் அதுதான் உண்மையான இழப்பு.

மலேசிய நாடாளுமன்றம் பெல்ஜியத்தின் வழியில் ஒரு சட்டம் கொண்டுவர முடியும். சில பிரிவுகள் போதும். லாபுவான் போன்ற அனைத்துலக நிதி மையம் நம்மிடம் உண்டு. வேறொரு நாட்டுக்கு எதிராக வாங்கிய தீர்ப்பை இங்கே கொண்டுவந்து நிறைவேற்றப் பார்ப்பவர்களுக்கு அப்படி ஒரு சட்டம் தடையாக நிற்கும். அரசாங்க விலக்கு பற்றி மலேசியாவில் தனிச் சட்டமே இல்லை, நீதிமன்றத் தீர்ப்புகளை வைத்தே ஓட்டுகிறோம். சூலு வழக்கில் பட்ட பாட்டுக்குப் பிறகு அதையும் எழுதி வைப்பதற்கு இதைவிட நல்ல நேரம் வராது.

இன்னொன்று நம் கணக்கிலேயே நிலுவையில் இருக்கிறது. இலங்கை 1980இல் சேர்ந்த அந்த உடன்படிக்கையில் மலேசியா இன்றுவரை சேரவில்லை. மலேசிய மனித உரிமை ஆணையமான சுஹாகாம் பல ஆண்டுகளாக அதை வலியுறுத்தி வருகிறது. சேர்ந்தால், கடன் வட்டிக்காக மருத்துவமனைச் செலவிலோ தமிழ்ப்பள்ளி மானியத்திலோ கை வைக்கும் நாளில், கையிலுள்ள வளத்தில் உரிமைகளுக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று ஐ.நா. குழு முன் நம் அரசாங்கம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.